குழந்தை எப்போது ‘அவன்’ ஆகிறது, எப்போது ‘அவள்’ ஆகிறது?

“குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்க.” தமிழில் கைக்குழந்தை ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அது தூங்குகிறது, சிரிக்கிறது, பால் குடிக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும், எந்த நாள் என்று யாரும் குறித்து வைக்காமலேயே, ‘தூங்குது’ போய் ‘தூங்குறான்’ வந்துவிடுகிறது. இல்லையென்றால் ‘தூங்குறா’.

அம்மாவின் பீரோவில் என் தம்பியின் படம் ஒன்று இருக்கிறது. மொட்டை போடுவதற்கு முன்னால் ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டுப்பாவாடை, உச்சியில் குட்டிக் குடுமி, அதைச் சுற்றிப் பூ, கழுத்தில் பாட்டியின் சங்கிலி. வீட்டில் எல்லோரும் அதை ரசித்துத்தான் எடுத்தார்கள். அதே தம்பி நாலு வயதில் என் வளையலை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, “சீ, கழட்டு. நீ என்ன பொம்பளப் புள்ளையா?” என்று பெரியப்பா அதட்டினார். அவன் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடையில் இருந்தது மூன்றே வருடம். அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்தது? அவன் உடலில் ஏதாவது மாறியதா, அல்லது சுற்றியிருந்தவர்கள் மாறினோமா? பாலின உளவியல் என்ற துறை முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது.

முதலில் சில சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் ‘பாலினம்’ என்றே சொல்லிவிடுகிறோம், பாதி வாக்குவாதம் அதனாலேயே வருகிறது. உடல் சார்ந்தது பால்: குரோமோசோம், ஹார்மோன், உள்ளுறுப்பு, பிறப்புறுப்பு. அந்த உடலைப் பார்த்து ஊர் ஏற்றிவைக்கும் எதிர்பார்ப்புகளும், அவற்றுக்கு நடுவில் ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதும் சேர்ந்தது பாலினம். ‘நான் ஆண்’, ‘நான் பெண்’, ‘நான் இரண்டிலும் அடங்கவில்லை’ என்று உள்ளே இருக்கும் உணர்வைப் பாலின அடையாளம் என்கிறார்கள். உடை, நடை, பேச்சு வழியாக அது வெளியே தெரிவது பாலின வெளிப்பாடு. யார்மேல் காதல் வருகிறது என்பது பாலீர்ப்பு. அது தனி விஷயம், இங்கே அதற்குள் போகவில்லை.

வயிற்றுக்குள் நடப்பது

கருவான முதல் ஆறு வாரம், பார்வைக்கு எல்லாக் கருவும் ஒரே மாதிரிதான். விந்தகமாகவும் ஆகக்கூடிய, சினைப்பையாகவும் ஆகக்கூடிய ஒரே மொட்டுதான் அப்போது இருக்கும். ஆண் உடலுக்குப் போகும் குழாய், பெண் உடலுக்குப் போகும் குழாய் இரண்டும் ஒரே கருவுக்குள் இருக்கும். அப்புறம்தான் பாதை பிரிகிறது. ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்று ஒரு மரபணு உண்டு. 1990-இல் லண்டனில் அதைக் கண்டுபிடித்தார்கள். அது வேலை செய்யத் தொடங்கினால் அந்த மொட்டு விந்தகமாக வளரும். விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும். மற்ற உறுப்புகள் அதைப் பின்தொடரும். எஸ்ஆர்ஒய் இல்லையென்றால் வேறு சில மரபணுக்கள் அந்த மொட்டைச் சினைப்பையாக வளர்த்துக்கொண்டு போகும்.

எக்ஸ்எக்ஸ் என்றால் பெண், எக்ஸ்ஒய் என்றால் ஆண் என்று பள்ளியில் ஒரே வரியில் படித்திருப்போம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வழியில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு படியிலும் வேறு மாதிரி நடக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ்ஒய் குரோமோசோம் இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும், ஆனால் உடலின் செல்களுக்கு அந்த ஹார்மோனை அடையாளம் காணத் தெரியாது. அந்தக் குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே வளரும். வயதுக்கு வரவில்லையே என்று மருத்துவரிடம் போகும்போதுதான் விஷயமே தெரியவரும். இப்படிப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். குரோமோசோம் ஒன்று சொல்கிறது, உடலும் மனமும் வேறொன்று சொல்கின்றன.

ஆண், பெண் என்ற இரண்டு வழக்கமான வரையறைக்குள் உடல் அமையாமல் பிறப்பவர்களை ஊடுபால் மனிதர்கள் என்கிறோம். இதைச் சொல்லும்போது புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பிறகு நடந்த பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்து, பெண்ணாக ஓடியவர். தன் உடலைப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் ஊரே பார்க்க நேர்ந்த அந்த அவமானத்துக்கு அவர் செய்த தவறு எதுவும் காரணம் இல்லை.

சரி, வயிற்றுக்குள் சுரக்கும் ஹார்மோன் உறுப்பை மட்டும்தான் மாற்றுமா, மனதையும் தொடுமா? இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடியாது. எந்தக் கருவுக்கும் வேண்டுமென்றே ஹார்மோன் கொடுத்துப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. இயற்கையாகவே அப்படி நேர்ந்தவர்களைத்தான் கவனிக்க முடியும். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே உள்ள ஒரு குறைபாட்டால், சில பெண் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் இருக்கும்போதே ஆண் ஹார்மோன் அதிகமாகச் சுரந்துவிடும். இந்தப் பெண்களைப் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். விளையாட அழைத்துப் பொம்மைகளைப் பரப்பி வைத்தால், மற்றப் பெண் குழந்தைகளைவிட இவர்கள் கார், லாரி, கட்டுமானப் பொம்மைகளிடம் அதிகம் போகிறார்கள். பெற்றோர் பெண்பிள்ளை விளையாட்டுகளை ஊக்கப்படுத்தியபோதும் அப்படித்தான். எனவே விருப்பங்களில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே பெண்களில் பெரும்பாலோர் ‘நான் பெண்’ என்றே உறுதியாக உணர்கிறார்கள். எதில் விளையாடப் பிடிக்கிறது என்பதும், தான் யார் என்ற உணர்வும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல என்று அவர்கள் நமக்குக் காட்டுகிறார்கள். லாரி பிடிக்கும் பெண் குழந்தை பெண் குழந்தைதான்.

வின்னிபெக் நகரத்து இரட்டையர்

இந்தத் துறையில் மறக்கக்கூடாத கதை ஒன்று உண்டு. சொல்லவே மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

1965-இல் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தார்கள், புரூஸ், பிரையன் என்று பெயர். சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டதால் எட்டு மாதத்தில் முன்தோலை நீக்க ஏற்பாடானது. மின்கருவியால் செய்த அந்தச் சிகிச்சையில் புரூஸின் ஆணுறுப்பு கருகிப்போனது. இடிந்துபோன பெற்றோர், தொலைக்காட்சியில் ஒரு உளவியலாளர் பேசுவதைப் பார்த்து அவரைத் தேடிப் போனார்கள். அவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மணி. 1950-களில் உடல்சார்ந்த பாலையும் சமூகம் சார்ந்த பாலினப் பாத்திரத்தையும் தனித்தனியாகப் பேசத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். பிறந்த குழந்தையின் மனம் பாலின விஷயத்தில் வெற்றுப் பலகை போன்றது, எப்படி வளர்க்கிறோமோ அப்படி ஆகும் என்பது அவர் கொள்கை. புரூஸைப் பெண்ணாக வளர்க்கச் சொன்னார்.

இரண்டு வயது நிறைவதற்குள் விந்தகங்களை நீக்கினார்கள். ‘பிரெண்டா’ என்று பெயர் வைத்தார்கள். கவுன், பொம்மை, நீண்ட கூந்தல். குழந்தையிடம் எதுவும் சொல்லப்படவில்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவன் ஆணாக, ஒருத்தி பெண்ணாக வளர்கிறார்கள், இதைவிட வலுவான சான்று வேண்டுமா என்று மணி தன் நூலில் எழுதினார். பாடப்புத்தகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

வீட்டில் நடந்ததோ வேறு. பிரெண்டா கவுனைக் கிழித்தாள். தம்பியின் விளையாட்டுச் சாமானுக்குச் சண்டை போட்டாள். பள்ளியில் யாரோடும் ஒட்டவில்லை. வளர வளர வாழவே பிடிக்காத நிலைக்குப் போனாள். 14 வயதில், 1980-இல், அப்பா உண்மையைச் சொன்னார். கேட்டதும் முதலில் வந்த உணர்வு நிம்மதி என்று அவர் பின்னாளில் சொன்னார். தான் ஏன் அப்படி உணர்ந்தோம் என்பது அன்றுதான் புரிந்தது. உடனே ஆணாக வாழத் தொடங்கி டேவிட் ரைமர் என்ற பெயரை எடுத்துக்கொண்டார், பிறகு திருமணமும் செய்துகொண்டார். 1997-இல் மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உண்மை நிலையை வெளியிட்டபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2004-இல், 38 வயதில், டேவிட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வளர்ப்பு ஒன்றே எல்லாம் என்ற வாதம் அத்தோடு நொறுங்கியது. ஆனால் உடனே எதிர்ப்பக்கம் ஓடி, ‘எல்லாம் பிறப்பிலேயே முடிந்துவிட்டது’ என்று சொல்லிவிடவும் கூடாது. அதே கனடாவில் கிட்டத்தட்ட இதே விபத்துக்கு ஆளான இன்னொரு ஆண் குழந்தையை ஏழு மாதத்திலிருந்து பெண்ணாக வளர்த்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து 26 வயதிலும் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தது என்று 1998-இல் பதிவானது. ஒரு கதையை வைத்து மனித இனத்துக்கே விதி எழுத முடியாது. இரண்டு கதையிலிருந்தும் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: ‘நான் யார்’ என்ற உணர்வு வெளியிலிருந்து ஒருவர் தீர்மானித்து உள்ளே வைத்துவிடக் கூடியது அல்ல. டேவிட்டிடம் யாருமே கேட்கவில்லை. அதுதான் அந்த வாழ்க்கையில் நடந்த முதல் அநீதி.

நாம் குழந்தையைப் பார்க்கும் பார்வை

அப்படியானால் ஊருக்கு, வீட்டுக்கு, பெரியப்பாவின் அதட்டலுக்குப் பங்கே இல்லையா? நிறைய உண்டு. அது நாம் நினைப்பதைவிட முன்னாலேயே, நமக்கே தெரியாமல் தொடங்கிவிடுகிறது.

1976-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தையின் படக்காட்சியை இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். மூடியைத் திறந்ததும் துள்ளி எழும் ஸ்பிரிங் பொம்மையைப் பார்த்துக் குழந்தை வீறிடுகிறது. பையன் என்று சொல்லப்பட்டவர்கள், ‘கோபத்தில் அழுகிறான்’ என்றார்கள். பெண் என்று சொல்லப்பட்டவர்கள், ‘பயந்துவிட்டாள்’ என்றார்கள். குழந்தை ஒன்று, படம் ஒன்று, அழுகையும் ஒன்று. யோசித்துப் பாருங்கள்: பயந்த குழந்தையை நாம் தூக்கி அணைத்துக்கொள்வோம். கோபப்பட்ட குழந்தையை அவ்வளவு வேகமாகத் தூக்குவோமா? ஒரு நாளைக்குப் பத்து முறை அழும் குழந்தைக்கு, வருடக் கணக்கில் இந்த வித்தியாசம் சேர்ந்தால் என்ன ஆகும்?

2000-இல் நியூயார்க்கில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தவழும் வயதுக் குழந்தைகள், 11 மாதம். ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சரிவுப் பலகை. உங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். பையனின் அம்மாக்கள் உண்மையைவிடக் கூட்டிச் சொன்னார்கள், பெண் குழந்தையின் அம்மாக்கள் குறைத்துச் சொன்னார்கள். பிறகு குழந்தைகளை இறக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் திறமையில் வித்தியாசமே இல்லை. அந்த அம்மாக்கள் யாரும் மகள்மேல் அன்பு குறைந்தவர்கள் அல்லர். ‘விழுந்துடுவா’ என்ற பயம் அன்பிலிருந்துதான் வருகிறது. நம் வீட்டுத் திண்ணையிலும் மாடிப்படியிலும் தினமும் நடப்பது இதுவே.

குழந்தைகளும் சும்மா வாங்கிக்கொள்வதில்லை. அவர்கள் துப்பறிவாளர்கள் மாதிரி. இரண்டு, மூன்று வயதில் தான் பையனா பெண்ணா என்று சொல்லத் தெரிந்துவிடும். ஆனால் அது மாறாது என்பது உடனே புரியாது. ‘நான் பெரியவனானதும் அம்மா ஆவேன்’ என்று மூன்று வயதுப் பையன் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முடியை வெட்டினாலும் சட்டையை மாற்றினாலும் ஆள் மாறுவதில்லை என்பது ஆறு, ஏழு வயதில்தான் உறுதியாகப் பதியும் என்று லாரன்ஸ் கோல்பர்க் என்ற உளவியலாளர் 1966-இல் விளக்கினார். அதுவரை கண்ணில் படுகிற அடையாளங்களை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் மகனுக்கு நேர்ந்ததை எழுதியிருக்கிறார். அவன் ஆசைப்பட்டு முடியில் கிளிப் மாட்டிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போனான். இன்னொரு பையன், ‘நீ பொண்ணுதான், பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க’ என்று விடாமல் சொன்னான். தன் உடம்பைக் காட்டியே நிரூபித்தும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பு எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், கிளிப் பெண்களுக்கு மட்டும்தான் என்றானாம்!

பெம் 1981-இல் முன்வைத்த கருத்து இதுதான். குழந்தையின் மனதில் ‘ஆண்’, ‘பெண்’ என்று இரண்டு டப்பா உருவாகிறது. பார்ப்பதையெல்லாம் அந்த டப்பாக்களில் போட்டு அடுக்கத் தொடங்குகிறது. சமையல், அழுகை, சைக்கிள், நீலம், கணக்கு, பொட்டு எல்லாமே இரண்டில் ஒன்றுக்குள் போகும். டப்பா உருவானபின் கண்ணுக்குத் தெரிவதே மாறிவிடும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெண் மரம் அறுப்பது போன்ற படங்களைக் காட்டிவிட்டு ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அறுத்தது ஆண் என்று பல பிள்ளைகள் நினைவிலிருந்து சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நினைவே அப்படித்தான் பதிந்திருக்கிறது.

இதன் விலை எவ்வளவு என்பதற்கு 2017-இல் வந்த ஓர் ஆய்வு போதும். ‘மிக மிகப் புத்திசாலி ஒருவர் இருந்தார்’ என்று ஒரு கதையைச் சொல்லி, அது இவர்களில் யார் என்று படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆண் படத்தையும், பெண் பிள்ளைகள் பெண் படத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் பெண் படத்தைக் காட்டுவது குறைந்தது. அந்த வயதில் பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் யார் என்று கேட்டால் பெண்களையே சொல்கிறார்கள். ஆனாலும் ‘மிகப் புத்திசாலி’ என்ற பட்டம் தங்களுக்கு இல்லை என்று ஒரே வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில்!

ஆண்பிள்ளைகளுக்கு வேலி இன்னும் இறுக்கம். தமிழில் மகளைச் செல்லமாக ‘வாடா கண்ணா’ என்று கூப்பிடுகிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. மகனை ‘வாடி’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், வீடே திரும்பிப் பார்க்கும். பெண் பேன்ட் போட்டால் தைரியசாலி, ஆண் வளையல் போட்டால் கேலி. பையன்கள் எல்லை தாண்டும்போது பெற்றோரும் நண்பர்களும் கடுமையாக நடந்துகொள்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, குறிப்பாக அப்பாக்கள். ‘ஆம்பளை அழக்கூடாது’ என்று கேட்டு வளர்ந்தவன், பின்னால் துக்கம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு

சரி, உடலுக்கு எத்தனை சதவீதம், ஊருக்கு எத்தனை சதவீதம்? எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் சொல்லும் பதில்: தோசை வெந்தபின் அதில் அரிசியின் ருசி எவ்வளவு, உளுந்தின் ருசி எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? இரண்டும் அரைபட்டு, புளித்து, ஒன்றை ஒன்று மாற்றிவிட்டன. ஒன்று இல்லாமல் மற்றது தோசையே இல்லை.

உடல் மனதை மாற்றுவது போலவே வாழ்க்கை உடலை மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. திருமணமாகிக் குழந்தை பிறந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்திருந்தது. அவர்களிலும், தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட அப்பாக்களுக்கு இன்னும் குறைவு. ‘ஆம்பளைன்னா அப்படித்தான், ஹார்மோன்’ என்று பேசி முடித்துவிடுகிறோமே, அந்த ஹார்மோனே குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டவனிடம் வேறு அளவில் இருக்கிறது.

நம் நாட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. மேகாலயாவின் காசி மக்களிடம் தாய்வழிச் சொத்துரிமை. கடைசி மகளுக்குத்தான் வீடு, பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். பக்கத்திலேயே வாழும் கர்பி மக்களிடம் தந்தைவழி. துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கும் புதிரை இரு பக்கத்துக் கிராமங்களிலும் ஏறக்குறைய 1,300 பேரிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. இடம், வடிவம் சார்ந்த திறனில் ஆண்கள் முந்துவார்கள் என்பது உலகின் பல இடங்களில் பார்த்த விஷயம். கர்பி கிராமங்களில் அப்படியே ஆண்கள் வேகமாக முடித்தார்கள். காசி கிராமங்களில் அந்த இடைவெளியே இல்லை. அதற்கு முன்பு, 2009-இல் வந்த ஆய்வில், வாளிக்குள் பந்து எறியும் விளையாட்டைத் தனியாக ஆடுகிறீர்களா, போட்டியாகவா என்று கேட்டார்கள். தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மசாய் மக்களில் போட்டியைத் தேர்ந்தெடுத்த ஆண்கள் 50 சதவீதம், பெண்கள் 26. காசி மக்களில் பெண்கள் 54 சதவீதம், ஆண்கள் 39. ‘பெண்களுக்கு இயல்பாகவே போட்டி பிடிக்காது’ என்று சொல்பவர்கள் ஷில்லாங் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும்.

வித்தியாசம் எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எறியும் வேகம், உடல்ரீதியான ஆக்ரோஷம் போன்ற சிலவற்றில் சராசரி இடைவெளி தெளிவாகவே தெரிகிறது. ஆனால் ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர் 2005-இல், பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்யப்பட்ட 46 தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, உளவியல் வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூச்சியத்துக்கு அருகில் இருந்தன. 2015-இல் மூளை ஆய்வாளர் டாஃப்னா ஜோயலும் அவர் குழுவினரும் 1,400-க்கும் மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன் படங்களை அலசினார்கள். முழுக்க ‘ஆண் பக்கம்’ அல்லது முழுக்க ‘பெண் பக்கம்’ இருந்த மூளைகள் அபூர்வம், பெரும்பாலானவை கலவை. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. எதிரில் நிற்கும் ஒரு பெண்ணுக்குக் கணக்கு வருமா, ஒரு பையனுக்குப் பரிவு இருக்குமா என்பதை அது சொல்லாது.

ஊர் சொன்னதும் உள்ளம் சொல்வதும் பொருந்தாதபோது

பிறந்தபோது ஊர் சொன்ன பாலினமும் உள்ளே உணரும் பாலினமும் சிலருக்குப் பொருந்துவதில்லை. திருநங்கைகளும் திருநம்பிகளும் அப்படிப்பட்டவர்கள். இதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. மரபணுவுக்கும் பிறப்புக்கு முந்தைய ஹார்மோனுக்கும் பங்கு இருக்கலாம் என்பதற்குக் குறிப்புகள் உண்டு. அம்மா அதிகம் செல்லம் கொடுத்ததால், அப்பா வெளிநாட்டில் இருந்ததால் இப்படி ஆனது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. எத்தனை தாய்மார்கள் இந்தப் பழியைச் சுமந்துகொண்டு அழுகிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இது நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில், இதை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. பூசாரியிடமோ மருத்துவரிடமோ கூட்டிப்போய் ‘மாற்றிவிட’ முயல்வது மனதைச் சிதைக்கும். டேவிட்டின் கதையை இங்கே திரும்ப நினைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் உணர்வை வெளியிலிருந்து அழிக்கும் முயற்சி யாருக்கு நடந்தாலும் வலி ஒன்றுதான். பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் மாற்றுவதாகச் சொல்லும் இத்தகைய ‘சிகிச்சை’களைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது.

ஊடுபால் குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டியது. ‘ஆணா பெண்ணா என்று இப்போதே முடிவுசெய்து அறுவை சிகிச்சை செய்துவிடுவோம்’ என்ற அவசரம் பல காலமாக இருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடுக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிரச் செய்யக்கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணை வந்தது. குழந்தை வளரட்டும், தன் உடலைப் பற்றி அதுவே சொல்லட்டும் என்பது இதன் பொருள். பெயர் வைத்து, பையனாகவோ பெண்ணாகவோ அழைத்து வளர்க்க எந்தத் தடையும் இல்லை. கத்தி மட்டும் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் கேட்டது. “என் பையன் எந்நேரமும் சொப்புச் சாமான் வச்சுத்தான் விளையாடுறான். பயமா இருக்குடி.” நாலு வயது அவனுக்கு. பயப்பட ஒன்றும் இல்லை அக்கா என்றேன். சொப்பு வைத்து விளையாடும் பையன்களில் பெரும்பாலோர் வளர்ந்து தங்களை ஆணாகவே உணர்வார்கள். யாராவது ஒருவன் பின்னால் வேறு மாதிரி சொன்னால், அப்போது சொப்பைப் பிடுங்காத அம்மாவிடம்தான் வந்து சொல்வான். அவன் தங்கைக்குக் கட்டைகளும் பிளாக்கும் வாங்கிக் கொடுங்கள் என்றும் சொன்னேன். வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் பயிற்சியால் கூடும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். அது பின்னால் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் கைகொடுக்கும். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பையன் சின்னச் சட்டியில் மண்ணைக் கிண்டி, “அத்தை, சாம்பார்” என்று என்னிடம் நீட்டினான். உப்பு கொஞ்சம் கம்மி என்றேன். ஓடிப்போய் இன்னொரு பிடி மண் போட்டுக் கொண்டுவந்தான்.